கிட் போட்ட பிறகும் கறுப்புப் புகை: அம்பாசடரின் சோலெக்ஸ் கார்புரேட்டரை எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான். அப்பாவின் 1984 மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. நாலைந்து வருடம் ஷெட்டில் நின்றது. மெக்கானிக் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பிரித்து, கழுவி, புது ரிப்பேர் கிட் போட்டு மாட்டிக் கொடுத்தார். இப்போது காலையில் சோக் இழுக்காமலே ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வண்டி ஒரு நொடி படுத்து எழுகிறது. வெயிலில் ஓடிவந்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. "இது தேறாது, மாருதி கார்புரேட்டர் மாட்டிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?

மாருதி கார்புரேட்டரை மாட்ட வேண்டாம். அது 796 சிசி எஞ்சினுக்காகச் செய்தது. உங்கள் எஞ்சின் 1489 சிசி. அடாப்டர் தட்டு வைத்து மாட்டி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்; ஐடில் நன்றாக நிற்கும், ஊருக்குள் ஓட்டினால் மைலேஜும் கொஞ்சம் கூடும். ஆளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் மூச்சு முட்டும். உங்கள் சோலெக்ஸ் 32 பிபிஐசி இந்தியச் சாலைகளில் ரொம்ப காலம் உழைத்த கார்புரேட்டர். பத்மினியிலும் இதே குடும்பம்தான். சென்னையிலேயே தயாரானது. உள்ளே பித்தளை ஜெட்டுகள் (பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகுகள்), ஒரு மிதவை, ஒரு ஊசி வால்வு, ஒரு பம்ப், சோக் வேலையைப் பார்க்கும் ஒரு ஸ்டார்ட்டர், அவ்வளவுதான். 32 என்பது த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) துவாரத்தின் விட்டம், மில்லிமீட்டரில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட் போடுவது வேறு, கார்புரேட்டரைச் சரிசெய்வது வேறு. கிட்டில் வருவது பேக்கிங், டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), ஊசி வால்வு, வாஷர்கள், சிலதில் இரண்டு மூன்று ஜெட். தேய்ந்த ஸ்பிண்டில் (த்ராட்டில் தகட்டின் அச்சு), வளைந்த மூடி, கீறல் விழுந்த ஸ்டார்ட்டர் தட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் தவறான பெட்ரோல் மட்டம் ஆகியவற்றில் ஒன்றைக்கூட கிட் தீர்க்காது. பட்டறையில் "ரீபில்டு" என்று சொல்வது பெரும்பாலும் கழுவி பேக்கிங் மாற்றியதைத்தான். உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. அந்தக் கூலிக்கு அவ்வளவு வேலைதான் செய்ய முடியும்.

இனி, நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் படிப்போம். அதில் ரொம்ப முக்கியமானது புகை அல்ல, சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆவது. பலரும் இதை நல்ல சகுனம் என்று நினைப்பார்கள். மே மாதத்து மதுரையில், நல்ல வண்டிகூட ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை மிதித்தால் சோக் இல்லாமல் எழுந்துவிடும், அது சரி. ஆனால் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின், சோக்கையும் மிதியையும் தொடாமல் ஒரே செல்ஃபில் எழுந்தால், குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய அளவு பெட்ரோல் ஏற்கெனவே எங்கிருந்தோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூடான பிறகும் அது நிற்பதில்லை. புகை, வாடை, ஆறு கிலோமீட்டர் மூன்றுக்கும் வேர் அங்கேதான்.

பெட்ரோல் அப்படி வேண்டாத நேரத்தில் போக இரண்டு வழிகள்தான் பெரும்பாலும். ஒன்று ஸ்டார்ட்டர், இன்னொன்று பெட்ரோல் மட்டம்.

ஸ்டார்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். இந்த சோலெக்ஸின் வாயைத் திறந்து பார்த்தால் சோக் தகடு இருக்காது. மற்ற கார்புரேட்டர்களில் பழகிய கை அந்தத் தகட்டைத் தேடும். காணாததால் "சோக் கழற்றிவிட்டார்கள்" என்று முடிவு கட்டும். உண்மையில் பக்கவாட்டில் ஒரு சிறிய அறை இருக்கிறது. அதற்குள் துளைகள் போட்ட வட்டத் தட்டு ஒன்று உண்டு. டேஷ்போர்டில் சோக் குமிழை இழுத்தால் கேபிள் அந்தத் தட்டைத் திருப்பும். துளைகள் நேருக்கு நேர் வரும்போது, த்ராட்டில் தகட்டுக்குக் கீழே உள்ள வேக்குவம் அந்த வழியாகக் கொழுத்த (பெட்ரோல் கூடிய) கலவையை உறிஞ்சும். தனியாக ஒரு குட்டி கார்புரேட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் இந்த வண்டிகளைக் குளிரில் சோக் இழுத்து எடுக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. மிதித்தால் த்ராட்டில் திறந்து வேக்குவம் போய்விடும், ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. அப்பா எப்போதும் காலை எடுத்துவிட்டுத்தான் செல்ஃப் அடித்திருப்பார், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

கேபிள் முழுதும் திரும்பாவிட்டால் தட்டு பாதி திறந்தே நிற்கும். நாலைந்து வருடம் நின்ற வண்டியில் கேபிள் உறைக்குள் துரு பிடித்து இறுகுவது சகஜம். குமிழ் உள்ளே போய்விடும், மறுமுனை நகர்ந்திருக்காது. சோதனை எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட்டர் லீவரை விரலால் மூடும் பக்கம் தள்ளுங்கள். அது கொஞ்சமாவது நகர்ந்து, எஞ்சின் சத்தம் மாறினால் திருடன் அகப்பட்டான். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். லீவர் ஏற்கெனவே ஸ்டாப்பில் முட்டி நின்றால், ஸ்டார்ட்டரைக் கழற்றித் தட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். கழற்றும் முன் தட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், போனில் படம் எடுத்தால் போதும். முகத்தில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் மூடிய நிலையிலும் பெட்ரோல் கசியும். கண்ணாடிப் பலகையில் மிக நைசான எமரித் தாளை விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்த்தால் முகம் சமமாகிவிடும்.

அடுத்தது பெட்ரோல் மட்டம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் வெஞ்சுரிக்குள் (குறுகிய கழுத்து) நீட்டிக்கொண்டிருக்கும் மெயின் நாசில் ஐடிலில் வறண்டு இருக்க வேண்டும். அங்கிருந்து பெட்ரோல் சொட்டினால் மட்டம் அதிகம், அல்லது ஊசி வால்வு மூடவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் சொட்டினால் சந்தேகமே வேண்டாம்.

மேல்மூடியைக் கழற்றிக் கவிழ்த்தால் ஊசி வால்வு தெரியும். கவிழ்த்த நிலையில் ஊசி தன் எடையிலேயே உட்கார்ந்து மூடும். பெட்ரோல் வரும் குழாயில் வாயை வைத்து மெதுவாக ஊதுங்கள், காற்று போகக் கூடாது. கிட்டில் வரும் ஊசி வால்வுகளில் மோசமானவை நிறைய. புதியது கசிந்து, பழையதைத் திரும்ப மாட்டினால் சரியாவது உண்டு. அதனால் பழைய பாகம் எதையும், குறிப்பாக ஜெட்டுகளை, மெக்கானிக்கிடம் விட்டுவராதீர்கள். சந்தைக் கிட்டில் வரும் ஜெட்டில் எண் ஒன்று, துளை வேறொன்று என்று இருப்பதுண்டு. பழைய சோலெக்ஸ் ஜெட் கழுவினால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும்.

பித்தளை மிதவை இருந்தால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சளசளத்தால் ஓட்டை. எங்கே என்று தெரிய, அதைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிடியுங்கள். உள்காற்று விரிந்து, ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்துகூடக் குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயத்தின் எடை கூடினால் மிதவை தாழும், மட்டம் ஏறும். மாற்று கிடைத்தால் மாற்றிவிடுவதே நல்லது. மட்டத்தை மாற்ற இந்த கார்புரேட்டரில் எதையும் வளைக்க வேண்டியதில்லை. ஊசி வால்வுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு வாஷர் இருக்கிறது. தடித்த வாஷர் போட்டால் வால்வு கீழே இறங்கும், மிதவை சீக்கிரம் மூடும், மட்டம் குறையும். கிட் போடும்போது பழைய வாஷரின் தடிமனைப் பார்க்காமல் புதியதை வைத்து இறுக்கியிருந்தால், மட்டம் மாறியதற்கு அது ஒன்றே போதும். யாராவது எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டியிருந்தால் அதையும் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் பம்ப் 3 பார் வாக்கில் அழுத்தும். இந்த ஊசி அதற்கு முன்னால் நிற்காது.

சட்டென்று மிதித்தால் படுப்பது வேறு கதை. ஏற்கெனவே பெட்ரோல் அதிகமாகப் போகும் வண்டி மிதிக்கும்போது திணறுவது முரணாகத் தோன்றும். த்ராட்டில் திடீரென்று திறந்தால் காற்று உடனே பாயும், பெட்ரோல் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப். எஞ்சினை நிறுத்திவிட்டு வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டில் லீவரைக் கையால் இழுங்கள். இழுத்த கணமே மெல்லிய நூல் போலப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ, பம்ப் டயாஃப்ரம் அல்லது அதன் வழியில் உள்ள குண்டு வால்வு. டயாஃப்ரம் புதிதுதானே என்பீர்கள். மாட்டும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூடியின் திருகுகளை இறுக்கும்போது பம்ப் லீவரை முழுக்க உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் இறுக்கினால் ரப்பர் இழுபட்டு நிற்கும், முழு வீச்சும் கிடைக்காது, சில மாதத்தில் கிழியும். நான்கு திருகையும் தளர்த்தி, லீவரை அழுத்தி, மறுபடி குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிப் பாருங்கள். பாதி வண்டிகளில் இதுவே தீர்வு.

பம்ப் நன்றாகப் பீய்ச்சியும் திணறல் போகவில்லை என்றால், கார்புரேட்டரை விட்டுவிட்டு, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர்வது தெரியும். நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

உண்மையில் கார்புரேட்டரைத் தொடும் முன்பே இந்தப் பக்கத்தை முடித்திருக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் 0.64 மி.மீ., டேப்பட் (வால்வு) இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. கண்டென்சர் போனாலும் கறுப்புப் புகை வரும், வண்டி இழுக்காது, ஆள் கார்புரேட்டரைத்தான் பிரிப்பார். வேக்குவம் கேஜ் ஒன்று இரவல் கிடைத்தால் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் கலவை போகும் குழாய்) மாட்டிப் பாருங்கள். ஆரோக்கியமான எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாது. முள் சீராக விட்டுவிட்டு விழுந்தால் வால்வில் கோளாறு. எந்த கார்புரேட்டரும் அதைச் சரிசெய்யாது.

அடுத்து, பாடியின் தேய்மானம். த்ராட்டில் ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுழல வேண்டும், ஆடக் கூடாது. ஆடினால் அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடில் ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி இருக்கும். அதை மறைக்க ஆட்கள் மிக்சர் ஸ்க்ரூவை (ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திறந்துகொண்டே போவார்கள். இதற்குத் துளையைப் பெரிதாக்கி புஷ் இறக்க வேண்டும், நல்ல லேத் பட்டறை செய்துகொடுக்கும். அப்புறம் மூடியும் அடித்தட்டும். மேனிஃபோல்டில் உட்காரும் அடித்தட்டை இரண்டு நட்டு போட்டு வெறிகொண்டு இறுக்கியிருப்பார்கள், காது இரண்டும் வளைந்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து, பின்னால் டார்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் கசிவது தெரியும். தடித்த பேக்கிங்கும் அனபாண்ட் பசையும் போட்டு அதை மூடுவது தற்காலிகம்தான். ஸ்டார்ட்டர் தட்டுக்குச் சொன்ன அதே கண்ணாடிப் பலகை முறையில் சமப்படுத்துங்கள்.

கழுவுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு தடவை கீறினால் எண் பொய்யாகிவிடும். நைலான் மீன்பிடி நரம்பு, கார்ப் கிளீனர், கம்ப்ரசர் காற்று போதும். காற்று அடிக்கும் முன் டயாஃப்ரம்களைக் கழற்றிவிடுங்கள். சிலர் புளித்தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். அது குத்துவிளக்குக்குச் சரி. கார்புரேட்டரின் பாடி துத்தநாகக் கலவை, அமிலமும் சோடாக் காரமும் அதை அரித்துவிடும்.

வெயிலில் திரும்ப ஸ்டார்ட் ஆகாதது முக்கால்வாசி இந்த எஞ்சினின் பிறவிக் குணம். அம்பாசடரின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் எஞ்சினில் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒரே பக்கம். புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டின் மேலேதான் கார்புரேட்டர். ஓடும்போது காற்றும் பெட்ரோலும் ஓட்டத்தில் இருப்பதால் தாங்கும். நிறுத்தியதும் சூடு மேலே ஏறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து, வாய்க்குள் வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும். கார்புரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் ஸ்பேசர் இருக்கிறதா பாருங்கள். பிரித்து மாட்டும்போது அதை விட்டுவிட்டு வெறும் பேக்கிங்கை வைத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. சூடான வண்டியை எடுக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரை வரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், எழுந்ததும் விடுங்கள். திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் இன்னும் பெட்ரோலை ஊற்றும். மட்டம் சரியானதும் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இன்றைய பெட்ரோலும் இதில் ஒரு கட்சி. 2023 பிப்ரவரியில் தொடங்கி இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1984இல் உங்கள் வண்டி இதைக் கனவில்கூடக் கண்டதில்லை. பழைய ரப்பர் ஊதும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், நின்ற வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பு தெரியும். பெட்ரோல் ஹோஸ் அத்தனையையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். அங்கே கசிந்தால் கீழே சிவக்கக் காய்ந்த மேனிஃபோல்ட். பெட்ரோல் வாடை நிற்கும் வரை வண்டியில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும், வேலை செய்யும்போது பேட்டரி டெர்மினல் கழற்றியே இருக்கட்டும்.

கலவைக் கணக்கும் மாறுகிறது. சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு இது 13.5 வாக்கில் வருகிறது. அதாவது அதே ஜெட்டில் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துவிடும். சோலெக்ஸ் ஜெட்டின் எண் மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு: 125 என்றால் 1.25 மி.மீ. துளை. அதை 130 ஆக்கினால் துளையின் பரப்பு சரியாக அந்த எட்டு சதவீதம் கூடும். உங்கள் மெயின் ஜெட்டில் என்ன எண் இருக்கிறதோ அதற்கு அடுத்த படியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றே மாட்டாதீர்கள். இப்போது உங்கள் வண்டி அளவுக்கு மீறிக் குடிக்கிறது, பெரிய ஜெட் போட்டால் புகை கூடும். ஸ்டார்ட்டரும் மட்டமும் சரியாகி, நெடுஞ்சாலையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளங்காபி நிறம் என்றால் பழைய ஜெட்டே இருக்கட்டும். வெளுத்திருந்து, ஏற்றத்தில் இழுக்காமல் எஞ்சின் சூடேறினால் அப்போது அடுத்த ஜெட். ஊட்டிப் பக்கம் அடிக்கடி போவீர்கள் என்றால் பெரிய ஜெட்டே வேண்டாம். 2,200 மீட்டர் உயரத்துக் காற்று மெலிவு, கலவை அங்கே தானாகவே கொழுத்துவிடும்.

கடைசியாக ட்யூனிங். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு மட்டும் செய்யுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இறுக்கினால் முனை நசுங்கும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, எஞ்சின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, ஸ்லோ ஸ்க்ரூவால் (ஐடில் வேகத்தை மாற்றும் திருகு) ஐடிலைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் உள்ளே திருகினால் மெலியும், வெளியே எடுத்தால் கொழுக்கும். ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகியும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் ட்யூனிங்கை நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் வேறு வழியில் போகிறது, மறுபடி ஸ்டார்ட்டருக்கும் மட்டத்துக்கும்தான் போக வேண்டும்.

வண்டி இருபது நிமிடம் ஓடி, சும்மா செத்து, கொஞ்ச நேரம் கழித்து எழுகிறது என்ற புகார் பின்னால் வந்தால், முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நின்ற வண்டியில் டேங்க்கிலும் துரு இருக்கும். பெட்ரோல் பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் ஒன்று போட்டு, முதல் மாதம் அதில் சேரும் சிவப்புத் தூளைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் பாடி தேறவில்லை என்றால், இன்னொரு சோலெக்ஸ் 32 தேடுங்கள். சென்னையில் என்றால் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பளபளப்பைப் பார்க்காதீர்கள், கடைக்காரர் முன்னாலேயே ஸ்பிண்டிலை ஆட்டிப் பாருங்கள், அடித்தட்டில் ஸ்கேலை வையுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், உள்ளே ஒரு ஜெட்கூட இல்லாத வெறும் பாடியாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஜெட்டுகள்தான் உங்களிடம் இருக்கின்றனவே.